கொம்பொசிட்டிங், விஎஃப்எக்ஸ்: திருமலையில் படம் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறும்படம், பாட்டு வீடியோ, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கமெராவும் லப்டொப்புமாக வேலை செய்கிறவர்கள் திருகோணமலையில் இன்று நிறையப் பேர். எடிட்டிங் எல்லோருக்கும் கைவந்துவிட்டது. ஒரு காட்சிக்குள் இன்னொன்றை ஒட்டும் கொம்பொசிட்டிங் வேலைக்கு வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இலவச எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசோல்வையும் அதற்குள் இருக்கும் கொம்பொசிட்டிங் பகுதியான ஃபியூஷனையும் வைத்தே பேசுகிறேன். பெயர்கள் மாறினாலும் மற்ற மென்பொருட்களிலும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

முதலிலேயே ஒன்று. பிழை தெரிந்ததும் அதன் மேல் இன்னொரு எஃபெக்டைப் போடாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (எந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் அடுக்கு) ஆகிய நான்கு சனல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பிழை எங்கே தொடங்கியது என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவைதான்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

ஃபியூஷன். 2014இல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கி, 2018இல் வந்த ரிசோல்வ் 15இற்குள் ஒரு பக்கமாகச் சேர்த்தது. இலவசப் பதிப்பில் 3840×2160 வரை, வினாடிக்கு 60 பிரேம் வரை வெளியே எடுக்கலாம். நம் ஊர் வேலைக்கு அது தாராளம். படத்தின் நொய்ஸை, அதாவது புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை, குறைக்கும் கருவி போன்ற சில மட்டும் காசு கட்டிய பதிப்பில்தான் கிடைக்கும்.

நியூக் மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அது 1920×1080 அளவோடு நின்றுவிடும், கூலிக்குச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கமெராவின் அசைவைக் கண்டுபிடித்து 3டி பொருளைக் காட்சிக்குள் வைக்க வேண்டுமென்றால் பிளெண்டர் இலவசம், வேலையும் நன்றாகச் செய்யும்.

பச்சைத்துணியை எடுத்தபிறகு ஆளின் ஓரம் கொதிப்பதுபோல் ஆடுகிறது. துணியின் நிறத்தை நீக்கும் கருவியான கீயரில் எல்லா ஸ்லைடரையும் தள்ளிப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

ஸ்லைடரைத் தள்ளத் தள்ள ஓரம் இன்னும் மோசமாகும். காரணம் போன் பதிவுசெய்த கோப்பில் இருக்கிறது. போன்களும் பெரும்பாலான சிறிய கமெராக்களும் 4:2:0 முறையில் பதிகின்றன. வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதியப்படும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் பதியப்படும். 1920×1080 படம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் நிறத்தகவல் 960×540 அளவில்தான் இருக்கிறது. கீயர் நம்பியிருப்பது நிறத்தை. அதனால் ஓரம் படிக்கட்டுபோல் வெட்டுப்பட்டு, எச்.264 என்ற வீடியோச் சுருக்கத்தால் பிரேமுக்குப் பிரேம் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி எடுக்கப்போகும் காட்சியென்றால் 4கேயில் (3840×2160) எடுத்து, 1080 டைம்லைனில் சிறிதாக்கிக் கீ செய்யுங்கள். 4கேயின் நிறத்தகவல் 1920×1080 அளவு இருக்கும், அதனால் சிறிதாக்கியபின் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்து காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? அப்போது ஒரே கீயில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் ஆளைச் சுற்றிப் பொலிகன் வரைந்து, வெளியே உள்ளதெல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு கடினமான கீ: உடம்பின் உள்ளே ஓட்டை எதுவும் இல்லாமல், நாலைந்து பிக்சல் உள்ளே சுருக்கியது. அடுத்தது ஒரு மென்மையான கீ: முடியும் ஓரமும் மட்டும் சரியாக இருந்தால் போதும், உடம்புக்குள் ஓட்டை விழுந்தாலும் கவலையில்லை. இரண்டு ஆல்ஃபாவில் எது பெரிதோ அதை எடுத்துச் சேர்த்துவிடுங்கள். தலைமுடிக்கு மட்டும் மூன்றாவது ஒன்று தேவைப்பட்டாலும் போடலாம், தவறில்லை.

இன்னொரு வழியும் உண்டு. கீயருக்குப் போகும் பிரதியில் மட்டும் படத்தை வெளிச்சம், நிறம் என்று பிரித்து, நிற சனல்களை மிக இலேசாக மங்கலாக்கி, மறுபடி ஆர்ஜிபியாக்கி உள்ளே கொடுங்கள். படிக்கட்டு மறைந்துவிடும். மங்கிய படத்தை ஆல்ஃபா எடுக்க மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், திரையில் தெரியும் படம் அசலாகவே இருக்கட்டும்.

மணப்பெண்ணின் நகை செம்புக் கலராக மாறிவிட்டது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் கல்யாணக்காரர்கள்தான், அவர்கள் பதறுவதிலும் நியாயம் இருக்கிறது. பச்சைத்துணியிலிருந்து தெறிக்கும் பச்சையை நீக்கும் டீஸ்பில் கருவிதான் இதைச் செய்கிறது.

டீஸ்பில் செய்வது ஒரு எளிய கணக்கு. ஒரு பிக்சலில் பச்சை ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த எல்லைக்கு இறக்கிவிடும். எல்லையை சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியாக வைக்கலாம், அல்லது இரண்டில் பெரியதாக வைக்கலாம். பொன் நிறத்தை எடுங்கள்: சிவப்பு 0.8, பச்சை 0.6, நீலம் 0.2 என்று வைப்போம். சராசரி 0.5. பச்சை 0.6 அந்த எல்லைக்கு மேல் இருப்பதால் 0.5க்கு இறங்கிவிடும், பொன் செம்பாகிவிடும். பெரியதை எல்லையாக வைத்தால் எல்லை 0.8, பச்சை அதைத் தொடவில்லை, தாலிக்கொடி தப்பிவிடும்.

அதனால் ஆளை இரண்டாகப் பிரியுங்கள். முகம், தோள், முடி ஓரங்களுக்குச் சராசரி முறை. நகை, கூறைச்சேலையின் சரிகை, மஞ்சள் பூசிய கை ஆகியவற்றுக்கு ஒரு மாஸ்க் (குறித்த இடத்தை மட்டும் பிரிக்கும் வடிவம்) போட்டுப் பெரியது முறை. பளபளப்பான நகையில் பச்சைத்துணியின் பிம்பமே நேரடியாகத் தெரிந்தால் எந்தக் கணக்கும் உதவாது. பச்சை நீக்கப்பட்ட இடத்தில் புதிய பின்னணியின் நிறத்தை மங்கலாக்கி நிரப்பினால் பிம்பம் இயல்பாகிவிடும். எடுக்கும்போதே ஆளைத் துணியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நிறுத்தினால் இதில் பாதி வேலை மிச்சம்.

பெண் பச்சைச் சேலை, பக்கத்தில் வாழைமரம். பச்சைத்துணி சரிவருமா?

வராது. நீலத்துணி எடுங்கள். கமெரா சென்சரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கானவை, நீலத்துக்குக் கால்வாசிதான். அதனால் நீலத்தில் நொய்ஸ் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து ஈடுகட்டுங்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் பச்சைத்துணி கட்டினோம். கச்சான் காற்று அடித்து ஒரே சுருக்கமும் நிழலும். இதை எப்படிக் கீ செய்வது?

கச்சான் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் அங்கே துணி நிற்காது, அது தெரிந்த விஷயம். காலையில் நேரத்தோடு எடுங்கள், துணியின் நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஆள் சட்டத்துக்குள் வருவதற்கு முன் வெறும் துணியைச் சில வினாடிகள் எடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம். ஃபியூஷனின் டெல்டா கீயரில் அந்த வெறும் படத்தைக் கொடுக்க ஒரு தனி இணைப்பு இருக்கிறது. துணியின் வெளிச்ச வேறுபாட்டை அது கழித்துவிடும்.

துணி ஆடிக்கொண்டே இருந்தால் வெறும் படம் பொருந்தாது. அப்போது கீயை மறந்துவிட்டு, கையால் ரோட்டோ வரையுங்கள், அதாவது ஆளின் உருவத்தைப் பிரேம்களில் சுற்றி வரைந்து பிரித்தெடுங்கள். கை, கால், தலை, உடம்பு என்று தனித்தனி வடிவங்களாக வரைவது முக்கியம். முழு ஆளையும் ஒரே கோட்டால் சுற்றி வரைந்தால் ஒவ்வொரு பிரேமிலும் அது உங்களை அழவைக்கும்.

ஒட்டிய படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது. சிலவேளை வெள்ளைக் கோடு.

ஆல்ஃபா இரண்டு தரம் பெருக்கப்பட்டிருக்கிறது, அல்லது பெருக்கவேண்டிய இடத்தில் பெருக்கப்படவில்லை. 1984இல் தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் எழுதி வைத்த கணக்கைத்தான் இன்றும் எல்லா மென்பொருளும் செய்கின்றன: மேல்படம், கூட்டல் கீழ்ப்படம் பெருக்கல் (1 கழித்தல் மேல்படத்தின் ஆல்ஃபா). இங்கே மேல்படத்தின் நிறம் ஏற்கெனவே அதன் ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டிருக்க வேண்டும். ஆல்ஃபா 0.5 உள்ள ஓரப் பிக்சலை இன்னொரு தரம் பெருக்கினால் அதன் வெளிச்சம் பாதியாகிவிடும். அதுதான் கறுப்புக் கோடு. பெருக்காமல் விட்டால் ஓரம் தேவைக்கு மேல் வெளுத்துப்போகும்.

நிறத் திருத்தத்தில்தான் பலர் வழுக்குவது. பெருக்கிய படத்தின் மேல் நேரடியாகக் கலர் மாற்றினால் ஓரம் கெடும். முதலில் ஆல்ஃபாவால் வகுத்து, கலர் மாற்றி, மறுபடி பெருக்க வேண்டும். ஃபியூஷனில் ஆல்ஃபா டிவைட், ஆல்ஃபா மல்டிப்ளை என்று இரண்டு நோட் (ஒரு வேலைக்கு ஒரு பெட்டி) இருக்கின்றன. கலர் கரெக்டருக்குள்ளேயே இதற்கு ஒரு டிக் பெட்டியும் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இறக்குமதி செய்த கோப்பின் இன்டர்பிரட் ஃபுட்டேஜ் பெட்டியில் ஸ்ட்ரெயிட்டா (பெருக்காதது), பிரீமல்டிப்ளைடா (பெருக்கியது) என்று சரியாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

போனில் எடுத்த வீடியோ. சத்தமும் வாயசைவும் போகப்போக விலகுகின்றன, ட்ராக் செய்ததும் (காட்சியின் அசைவைப் பின்தொடர்ந்து பதிந்ததும்) ஒரு பிரேம் தள்ளிப்போகிறது.

போன் நிலையான வேகத்தில் பதிவதில்லை. 30 என்று காட்டும், உள்ளே வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து 27, 29, 30 என்று ஏறி இறங்கும். இப்படிப்பட்ட கோப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக எண்ணும். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட் (நிலையான பிரேம் வேகம்) என்று தெரிவுசெய்து மாற்றி எடுங்கள். ட்ராக் செய்தபிறகு மாற்றினால் செய்ததெல்லாம் வீண்.

இன்னொன்று, ரிசோல்வில் முதல் கிளிப்பை உள்ளே போட்டபின் புரொஜெக்டின் பிரேம் வேகத்தை மாற்ற முடியாது. 25ஆ 30ஆ என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

கோயில் திருவிழாவில் எடுத்த காட்சியில் ரியூப் லைட்டும் சோடனை பல்புகளும் மினுங்குகின்றன.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தரம் கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடி வைத்தால் ஒவ்வொரு பிரேமும் முழு அலைகளைப் பிடிக்கும், மினுக்கம் வராது. 1/60 வைத்தால் அலை பாதியில் வெட்டுப்படும். போனின் சாதாரணக் கமெராவில் இதை மாற்ற வழி இல்லையென்றால், ஷட்டரைக் கையால் வைக்கவிடும் இலவசக் கமெரா செயலிகள் இருக்கின்றன, பிளாக்மேஜிக்கின் கமெரா செயலியும் அவற்றில் ஒன்று.

எடுத்து முடிந்ததென்றால், கமெரா அசையாத காட்சிகளில் அடுத்தடுத்த இரண்டு மூன்று பிரேம்களின் வெளிச்சத்தைச் சராசரியாக்கி விளக்கு இருக்கும் பகுதியில் மட்டும் மாஸ்க்கோடு போடலாம். முழுப்படத்துக்கும் போட்டால் ஆட்கள் பேய்போல் இரட்டையாகத் தெரிவார்கள்.

கடல் தெரியும் காட்சியில் ட்ராக்கர் நிற்கவே மாட்டேன் என்கிறது.

நிற்காது. அலையும் நுரையும் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாகப் பிறக்கின்றன, ட்ராக்கருக்குத் தேவை அப்படியே இருக்கும் ஒரு அடையாளம். தொடுவானக் கோடும் உதவாது. மேலும் கீழும் எவ்வளவு அசைந்தது என்று அது சொல்லும், இடம் வலம் சொல்லாது. இரண்டு திசையிலும் விளிம்பு உள்ள மூலைதான் வேண்டும்: புறாத்தீவின் பாறை முனை, படகின் அணியத்தில் எழுதிய இலக்கம், சுவாமி மலையின் பாறை வெடிப்பு.

கமெரா நடந்துகொண்டிருந்தால் கிட்டத்துப் பாறையையும் தூரத்துப் பாறையையும் ஒரே ட்ராக்குக்குள் கலக்காதீர்கள், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகரும். நீங்கள் ஒட்டப்போகும் பொருள் எந்தத் தூரத்தில் இருக்கப்போகிறதோ, அந்தத் தூரத்தில் உள்ள புள்ளியைத்தான் பிடிக்க வேண்டும். கடைப் பெயர்ப்பலகை, சுவர், வள்ளத்தின் பக்கப்பலகை போன்ற தட்டையான பரப்புக்குப் புள்ளி ட்ராக்கரை விட்டுவிட்டு பிளேனர் ட்ராக்கரை எடுங்கள். பரப்பின் குறுக்கே ஆள் நடந்தால் அந்த ஆளுக்கு முதலில் மாஸ்க் போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

எடுக்கும்போது போனின் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. அது ஒவ்வொரு பிரேமையும் நெளித்து ஒட்டுவதால் ட்ராக் சேராமல் போகும்.

கிண்ணியாப் பாலத்தில் வான் வண்டியில் போகும்போது எடுத்த காட்சி. பாலத்தின் கம்பிகள் சாய்ந்து தெரிகின்றன.

சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. கடைசி வரியை வாசிப்பதற்குள் வான் நகர்ந்துவிடுகிறது. அதுதான் ரோலிங் ஷட்டர். சீரான வேகமென்றால் எதிர்ப்பக்கம் அதே அளவு சரித்து ஓரளவு நேராக்கலாம். ஆனால் கிட்டத்துக் கம்பிக்குச் சரியான சரிவு தூரத்துக் குடாவுக்குச் சரிவராது. 3டி பொருள் வைக்க நினைத்திருந்தால் வானை நிறுத்தித் திரும்ப எடுப்பதே குறைந்த செலவு.

உப்புவெளிக் காட்சியில் வானத்தை மாற்றி அழகான அந்திச் சூரியன் வைத்தேன். பார்த்தவர்கள் ஏதோ சரியில்லை என்கிறார்கள்.

சூரியன் தவறான பக்கம் மறைகிறது, அதுதான் காரணம். உப்புவெளி, நிலாவெளிக் கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே கடலிலிருந்து சூரியன் எழும், கடலுக்குள் விழாது. திருமலைக்காரர் எவரும் யோசிக்காமலே இதை உணர்ந்துவிடுவார்கள். தண்ணீருக்கு மேல் மறையும் சூரியன்தான் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் காட்சியை வையுங்கள், அங்கே மேற்கே தண்ணீர் இருக்கிறது.

இந்தத் தவறுக்கு ஊர்க்காரரின் கண் வேண்டும். நிழல் தவறினால் யாருடைய கண்ணும் பிடித்துவிடும். இலங்கையில் ஏப்ரல் முற்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் வானப்படங்களும் எச்டிஆர் வெளிச்சப்படங்களும் (3டி பொருளுக்கு வெளிச்சம் கொடுக்கப் பயன்படுபவை) பல குளிர்நாடுகளில் எடுத்தவை. அவற்றில் நடுப்பகலிலேயே சூரியன் சாய்ந்து நிற்கும். ஆளின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் வானத்தைத் தேடுங்கள். இன்னும் நல்லது, நம் கடற்கரையிலேயே காலை, மத்தியானம், மாலை என்று வானத்தை எடுத்துச் சேர்த்து வைப்பது. மாரிக் கால மேகமும் கச்சான் கால வானமும் தனித்தனிக் கோப்புறையில் இருக்கட்டும்.

தென்னோலைக்கு நடுவில் பழைய வானம் எட்டிப் பார்க்கிறது.

பச்சை சனலை விடுங்கள், நீல சனலைத் தனியாகத் திறந்து பாருங்கள். வானம் வெளுப்பாகவும் ஓலை கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டிலிருந்து லூமா கீ (வெளிச்ச அளவை வைத்து எடுக்கும் கீ) எடுத்தால் ஓலையின் ஒவ்வொரு கீற்றும் வரும். புதிய வானம் பழையதை விட இருட்டாக இருந்தால் ஓலை ஓரத்தில் வெள்ளை மிச்சம் நிற்கும். மேகம் மூடிய வானத்தை அடைமழை வானமாக மாற்றுவது சுலபம், இரவாக மாற்றுவது கடினம்.

பிரட்றிக் கோட்டையில் சரித்திரக் குறும்படம் எடுக்கிறோம். மின்கம்பியும் சுற்றுலா ஆட்களும் சட்டத்துக்குள் வருகிறார்கள். எப்படி அகற்றுவது?

போர்த்துக்கேயர் காலக் கதைக்கு மின்கம்பி ஆகாதுதான். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கமெராவோடு போகுமுன் அனுமதியைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

ஆட்களை அகற்றுவது சுலபம். முக்காலியில் கமெராவை வைத்து, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் தொடர்ந்து எடுங்கள். பிறகு பிரேம்களின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) எடுங்கள், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் பாதி நேரத்துக்கு மேல் தெரிந்தது எதுவோ அதுதான் மிஞ்சும். நடந்துபோன ஆள் மறைந்துவிடுவார், சுவர் நிற்கும். அங்கேயே படுத்து அசைபோடும் மான் மட்டும் மறையாது, அதன் இடத்தை இன்னொரு நேரத்தில் எடுத்த பிரேமிலிருந்து ஒட்ட வேண்டும். இந்த வெறும் படத்தின் மேல் உங்கள் நடிகரை மட்டும் மாஸ்க் போட்டு எடுத்து வையுங்கள்.

கம்பிக்கு ஒரே ஒரு பிரேமில் சுத்தமாக வரைந்து, அந்தப் பிரேமை உறைய வைத்து, சுவரின் ட்ராக்கோடு ஒட்டுவதே சரியான முறை. பிரேம் பிரேமாக வரைந்தால் ஓடும்போது கொதிக்கும். வானத்துக்குக் குறுக்கே போகும் கம்பியென்றால் வானத்தையே மாற்றிவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒட்டியது ஒட்டியதாகவே தெரிகிறதே, அண்ணா?

கறுப்பைப் பாருங்கள். காமாவை (இருண்ட, நடுத்தர இடங்களின் வெளிச்சத்தைத் தூக்கும் அமைப்பு) மிகக் கூட்டிவைத்து, பின்னணியின் ஆகக் கறுத்த இடத்தையும் உங்கள் ஆளின் ஆகக் கறுத்த இடத்தையும் ஒப்பிடுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்றின் மூட்டம் இருப்பதால் தூரத்துக் கறுப்பு ஒருபோதும் முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பலும் நீலமும் கலந்து தூக்கி நிற்கும். தூரத்தில் நிற்கும் ஆளுக்கு முழுக் கறுப்புத் தலைமுடி கொடுத்தால் கண் உடனே பிடித்துவிடும். கறுப்பை ஒவ்வொரு சனலாகப் பொருத்திய பிறகு வெள்ளை, அதன் பிறகு நடுத்தரம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடுத்தது கூர்மை. போன் தானாகவே படத்தைக் கூர்மையாக்கிவிடும், 3டி பொருளும் ஊசிபோல் கூராக வரும். இரண்டையும் பின்னணியின் அளவுக்கு மங்கலாக்குங்கள். நொய்ஸைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும், நீல சனலில் கொஞ்சம் கூடுதலாக. இரவில் எடுத்த பின்னணிக்கு மேல் நொய்ஸே இல்லாத ஆளை வைத்தால், வேறு எதைச் சரிசெய்தாலும் நம்பமாட்டார்கள்.

குத்துவிளக்குக்குக் குளோ (ஒளிவட்டம்) போட்டேன். சுடர் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது.

லீனியரில், அதாவது உண்மையான வெளிச்ச அளவில், செய்யவில்லை. கோப்பில் இருக்கும் எண்கள் திரைக்காக வளைக்கப்பட்டவை. 18 வீத வெளிச்சத்தைத் திருப்பும் சாம்பல் அட்டை எஸ்ஆர்ஜிபி படத்தில் ஏறத்தாழ 0.46 என்று நிற்கும். வெளிச்சங்களைக் கூட்டுவது, மங்கலாக்குவது எல்லாம் உண்மையான வெளிச்ச அளவில் நடக்க வேண்டும். முதலில் காமாவை (அந்த வளைவை) நீக்கி லீனியராக்கி, சுடரின் பெறுமானத்தை 1க்கு மேல் தூக்கி, குளோ போட்டு, கடைசியில் காமாவைத் திரும்பக் கொடுங்கள். 32 பிட் ஃபுளோட்டில் வேலை செய்தால்தான் 1க்கு மேல் உள்ள எண்கள் வெட்டுப்படாமல் இருக்கும்.

வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.

8 பிட்டில் ஒரு சனலுக்கு 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. இடைக் கோப்புகளை 10 பிட்டில் எடுங்கள், கடைசியில் மிக இலேசான நொய்ஸ் தூவுங்கள். பட்டை உடைந்துவிடும்.

ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) மெமரி நிரம்பிவிட்டது என்று சொல்லி ரிசோல்வ் நின்றுவிடுகிறது. புது லப்டொப் வாங்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். 32 பிட் ஃபுளோட்டில் ஒரு 4கே பிரேம் ஏறத்தாழ 133 மெகாபைட் பிடிக்கும். 1080 பிரேம் 33 மெகாபைட். பத்து நோட் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பிரேமை வைத்திருந்தால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். 1080 வேலைக்குள் 4000×3000 போன் புகைப்படத்தை அப்படியே போட்டிருந்தால் அது மட்டும் 192 மெகாபைட். பெரிய படங்களை உள்ளே வந்தவுடனேயே தேவையான அளவுக்கு வெட்டுங்கள். மாஸ்க்குகளுக்கு 8 பிட் போதும், பெரும்பாலான கலர் வேலைக்கு 16 பிட் ஃபுளோட் போதும். முடிந்த பகுதியை இஎக்ஸ்ஆர் வரிசையாக (பிரேமுக்கு ஒரு படக் கோப்பாக) ரெண்டர் செய்து உள்ளே கொண்டுவந்து, பின்னால் உள்ள நோட்களை அணைத்துவிடுங்கள். இதெல்லாம் செய்தும் நின்றால் அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

நண்பனின் கணினியில் திறந்தால் மீடியா ஓஃப்லைன் என்று சிவப்பாக வருகிறது.

புரொஜெக்ட் கோப்பில் வீடியோ இல்லை, வீடியோவின் முகவரி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் டிரைவ் ஈ என்றும் அவருடையது எஃப் என்றும் இருந்தால் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்குள் வைத்து முழுதாகக் கொடுங்கள், அங்கே ரீலிங்க் செய்யுங்கள்.

தமிழ்த் தலைப்பில் கொம்பும் காலும் பிரிந்துபோகின்றன.

இதற்காகத் தலைப்பையே ஆங்கிலத்துக்கு மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது வலித்தது. மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரெஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்று மாற்றிவிட்டுப் புதிய டெக்ஸ்ட் லேயரில் எழுதுங்கள். ஃபியூஷனில் எழுத்து உடைந்தால் இலவச இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக இரண்டு மடங்கு பெரிதாக எடுத்துக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு எழுத்தாக வரும் அனிமேஷனில் மென்பொருள் க, ொ இரண்டையும் தனி எழுத்தாக எண்ணிவிடும். அங்கே டெக்ஸ்ட் அனிமேஷனைத் தவிர்த்து, படமாக எடுத்து மாஸ்க் நகர்த்தி வெளிப்படுத்துங்கள். பழைய கோப்புகளில் தலைப்பு ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் அடுத்தமுறை எழுத்துரு தேடி அலைய வேண்டியதில்லை.

ரெண்டர் பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

எம்பி4 ஆக எடுத்தால் முதலிலிருந்துதான். படவரிசையாக எடுத்தால் 900ஆவது பிரேமில் நின்றது 900இலேயே தொடரும், கடைசியாக எழுதிய பிரேம் அரைகுறையாக இருக்கும், அதை மட்டும் அழித்துவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது வேலையைக் காப்பாற்றியது இந்த முறைதான்.

இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்காத 16 பிட் இஎக்ஸ்ஆர் 1080 பிரேம் ஒன்று ஏறத்தாழ 16.6 மெகாபைட், வினாடிக்கு 25 பிரேம் என்றால் 415 மெகாபைட். ஸிப் சுருக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள், தரம் குறையாது. ஆல்ஃபா தேவையில்லாத இடத்தில் ஆல்ஃபாவை விட்டுவிடுங்கள். வீடியோவாகவே ஆல்ஃபா வேண்டுமென்றால் புரோரெஸ் 4444 எடுங்கள், எச்.264இல் ஆல்ஃபாவுக்கு இடமில்லை.

பின்னணிக்கு ட்ரோனில் எடுக்கலாமா?

அனுமதியோடு மட்டும். கடற்படைத் தளம் ஒரு பக்கம், சீனன்குடா விமானத்தளம் மறுபக்கம். கேட்காமல் பறக்கவிட வேண்டாம்.

உதவி கேட்கும்போது உங்களுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

பிழை தெரியும் ஒரு பிரேமை பிஎன்ஜியாக, அதே பிரேமின் ஆல்ஃபாவைக் கறுப்பு வெள்ளையாக, நோட்களின் ஸ்கிரீன்ஷொட், அசல் கமெரா கோப்பிலிருந்து இரண்டு வினாடி. கமெரா எது, பிரேம் வேகம் எவ்வளவு, மென்பொருளின் பதிப்பு எது என்றும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், நான் பார்ப்பது உங்கள் பிழையா வாட்ஸ்அப்பின் பிழையா என்று தெரியாது. டொக்கியூமென்ட் என்று தெரிவுசெய்து அனுப்புங்கள்.